பொம்மக்கா திம்மக்காவின் பிறப்பை மாற்றியது யார்?

2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது கடம்பூர்ப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேர வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி சாதியைப் பற்றியது அல்ல. ஜோவும் பரியனும் சேர்ந்தார்களா இல்லையா என்பதுதான். படம் இரண்டு தேநீர்க் கண்ணாடிக் குவளைகளோடும் நடுவில் ஒரு பூவோடும் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் மாரி செல்வராஜ் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பிள்ளைகளே சொல்லிக்கொண்டார்கள். ஒருவன் பரியனை வக்கீலாக்கி, பத்து வருடம் கழித்து நீதிமன்ற வாசலில் ஜோவைச் சந்திக்க வைத்தான். இன்னொருவன் முதல் பாதிக் காட்சிகளை மட்டும் வெட்டி, பாட்டுச் சேர்த்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு சந்தோஷமான படம் செய்து எல்லோருக்கும் அனுப்பினான். தீப்பெட்டி ஆலை வேலை முடிந்து வந்த ஒரு தங்கச்சி மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள்: “அவனுக்கு இவ்வளவு நடந்திருக்கு. ஜோவுக்கு ஒண்ணுமே தெரியாமலே படத்தை முடிச்சிட்டாங்களேக்கா?”

பிடித்துப்போன ஒரு ஜோடியைக் கதை பிரித்துவிட்டால் கேட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. கைப்பேசி வந்த பிறகு உண்டான பழக்கம் இல்லை இது. கம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். வான்மீகி பெயரில் உள்ள உத்தரகாண்டத்தில் ராமன் கர்ப்பிணியான சீதையைக் காட்டுக்கு அனுப்புகிறான். கம்பன் அந்தக் காண்டத்தைத் தொடவே இல்லை. முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டான். தமிழில் உள்ள உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாக மரபு சொல்கிறது. ஆனால் மக்கள் மனதில் தங்கியது கம்பன் நிறுத்திய இடம்தான். ராமனும் சீதையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் படம் வீட்டுக்கு வீடு தொங்குகிறது.

இதில் நமக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. தவம் செய்ததற்காக சூத்திரனான சம்பூகனின் தலையை ராமன் வெட்டுவதும் அதே உத்தரகாண்டத்தில்தான். அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் ராமராஜ்யத்தின் உள்ளடக்கத்தைக் காட்ட எடுத்துக்கொண்டது அந்தக் கொலையைத்தான். ஜோடியைக் காப்பாற்றுவதற்காக மூடிய காண்டத்துக்குள் சம்பூகனும் சேர்ந்து மூடப்பட்டான். கம்பன் அதற்காக விட்டான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கதையின் முடிவைத் திருத்தும்போது வேறு யாருடைய கதை அதோடு காணாமல் போகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும் என்கிறோம்.

இங்கிலாந்தில் இதைவிடத் துணிச்சலாகவே செய்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் கடைசி மகள் கார்டீலியா தூக்கிலிடப்பட்டுச் சாகிறாள். 1681இல் நாகும் டேட் என்பவர் அந்த முடிவைத் தூக்கி எறிந்தார். மூலத்தில் இல்லாத ஒரு காதலை உண்டாக்கி, கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். 1838இல் மெக்ரெடி என்ற நடிகர் ஷேக்ஸ்பியரின் மூல நாடகத்தை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவரும்வரை, ஏறத்தாழ 150 ஆண்டுகள் பெரும்பாலும் டேட்டின் முடிவையே மக்கள் பார்த்தார்கள். சாவைத் தாங்க மாட்டாதவர்கள் கல்யாணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நம் சீமையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இங்கே ஜோடியை நேசித்தவர்கள் சாவில் கைவைக்கவில்லை. ஜோடியைப் பிடிக்காதவர்கள் பிறப்பில் கைவைத்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டு வரும் முத்துப்பட்டன் கதையை நம் பிள்ளைகளில் பாதிப்பேர் கேட்டிருக்க மாட்டார்கள். சுருக்கமாக இது. முத்துப்பட்டன் ஒரு பார்ப்பன இளைஞன். அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுப் போகிறான். மலையாள நாட்டில் கொட்டாரக்கரை ராஜாவிடம் வேலை பார்க்கிறான். திரும்பி வரும் வழியில், பாபநாசம் மலைக்காட்டில் இரண்டு பெண்களின் பாட்டுச் சத்தம் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. மாடு காக்கும் வாலப்பகடையின் மகள்கள். பகடை என்பது தென்மாவட்டங்களில் அருந்ததியரின் பட்டப்பெயர். ஒண்டிவீரன் பகடை என்று சொல்கிறோமே, அந்தப் பகடைதான். பழைய பாடல்கள் ‘சக்கிலியர்’ என்றே சொல்லும். அந்தச் சொல்லை வசவாக்கியவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

பட்டன் இருவரையும் கட்டிக்கொள்ள விரும்புகிறான். வாலப்பகடை உடனே கையெடுத்துக் கும்பிட்டு மகள்களைக் கொடுத்துவிடவில்லை. நிபந்தனை போடுகிறார். பூணூலை அறுக்க வேண்டும். குடுமியைக் களைய வேண்டும். தோல் வேலை கற்று, செருப்புத் தைக்க வேண்டும். அண்ணன்மார் தடுத்தும் கேளாமல் பட்டன் அத்தனையும் செய்கிறான். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறான். கல்யாணம் நடக்கிறது. கல்யாண இரவிலேயே கள்வர்கள் மாட்டுக் கிடையை மடக்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. பட்டன் நாயோடு போய்ச் சண்டையிட்டு மாடுகளை மீட்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்தியதில் சாகிறான். நாய் வந்து செய்தி சொல்கிறது. பெண்கள் இருவரும் அவன் சிதையில் தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதி மறுப்புக் கல்யாணம் என்றால், கீழே உள்ளவர் மேலே ஏற்றிக்கொள்ளப்படுவதாகத்தான் கதை கட்டுவார்கள். அநாதைப் பெண்ணை ஜமீன்தார் மகன் கைப்பிடித்தான், அவள் அரண்மனைக்குப் போனாள் என்று முடியும். வாலப்பகடை அதற்கு இடம் கொடுக்கவில்லை. மகள்கள் எங்கும் போகப்போவதில்லை. வருகிறவன்தான் வர வேண்டும், அதுவும் தோல் ஊறவைத்த தொட்டி வரைக்கும் வர வேண்டும். பூணூலை அறுப்பது ஒரு நொடி வேலை. செருப்புத் தைக்கக் கற்பது அப்படி இல்லை. சாதி இருப்பது பெயரில் மட்டுமல்ல, யார் எந்த வேலையைத் தொடுகிறார்கள் என்பதிலும்தான் என்று தெரிந்த ஒரு தகப்பன் போட்ட நிபந்தனை அது. இவ்வளவு கறாரான மாமனார் தமிழ்க் கதைகளில் வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பாருங்கள்.

இப்படி ஒரு கதையை விட்டுவைப்பார்களா? பாடப்பட்டு வந்த வடிவங்களில் ஒரு பிறப்புக் கதை முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது முத்துப்பட்டன் கதையையும் பதிப்பித்தார். அந்தப் பிறப்புக் கதை பின்னால் ஒட்டப்பட்டது என்றும், ஒட்டியதற்குக் காரணம் சாதி என்றும் எடுத்துக்காட்டினார். நம் இயக்கப் பிள்ளைகள் வெளிநாட்டுக் கோட்பாட்டாளர்கள் பெயரைச் சொல்லும் வேகத்தில் நா.வா. பெயரையும் சொல்லப் பழக வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அந்த ஒட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வரிகூடப் பின்னால் மாற்றத் தேவையில்லை. பாட்டு அதே பாட்டு. பட்டன் அதே பூணூலை அறுக்கிறான், அதே செருப்பைத் தைக்கிறான். ஆனால் கதை செத்துவிட்டது. பார்ப்பனன் பார்ப்பனப் பெண்களைத்தான் கட்டினான். நடுவில் நடந்தது ஒரு குழப்பம். மீறல் என்று ஒன்று நடக்கவே இல்லை. அவர்கள் மூவரும் உயிரோடு இருந்து நூறு வருடம் வாழ்ந்தாலும் அந்தக் கதையில் இனி நமக்கு வேலை இல்லை. சாவு ஜோடியைப் பிரிக்கிறது. பிறப்பை மாற்றுவதோ, அப்படி ஒரு ஜோடி இருந்ததே இல்லை என்று சொல்கிறது.

சரி, இந்த மூவரையும் கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள்?

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், இன்றைக்குப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலில் முத்துப்பட்டன் பட்டவராயனாக நிற்கிறான், பொம்மக்காவும் திம்மக்காவும் உடன் இருக்க. ஆடி அமாவாசைக்கு நம் கரிசல் கிராமங்களிலிருந்தும் வேன் பிடித்து, அரிசி பருப்புக் கட்டிக்கொண்டு போய், குடில் போட்டுத் தங்கி வருகிற குடும்பங்கள் உண்டு. பட்டவராயனுக்கு நேர்ச்சை என்ன தெரியுமா? தோல் செருப்பு. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் நாட்டில், சாமிக்கே செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அடுத்த முறை போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், மண் ஒட்டியிருக்கும், பட்டவராயன் காட்டில் அதைப் போட்டு நடக்கிறான் என்பது நம்பிக்கை.

தேய்ந்ததா இல்லையா என்ற விசாரணைக்கு நாங்கள் வரவில்லை. நாங்கள் பார்ப்பது வேறு. பாடுகிறவன் பிறப்பை மாற்றிப் பாடலாம். பாட்டு வாயில் இருக்கிறது, வாய்க்குக் கூலி கொடுப்பவன் சொன்னபடி அது திரும்பும். ஆனால் செருப்பு அங்கேயே தொங்குகிறது. பெண்கள் பார்ப்பனப் பிறப்பு என்றால் இந்தச் சாமிக்கு ஏன் செருப்பு? மாமனார் வீட்டு வேலையை அந்தச் சாமியின் காலிலிருந்து யாராலும் கழற்ற முடியவில்லை. எழுதத் தெரியாதவர்கள், வில்லடிக்குக் காசு கொடுக்கும் இடத்தில் இல்லாதவர்கள், கதையைக் காப்பாற்றி வைத்த இடம் அந்தக் காணிக்கை.

சாவை ஏன் அவர்கள் மாற்றவில்லை என்பதற்கும் கொடையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். வில்லுப்பாட்டில் கதையின் உச்சம் சாவுதான். வீரன் குத்துப்பட்டு விழும் இடத்தைப் பாடும்போதுதான் உடுக்கையின் வேகம் கூடுகிறது, சாமியாடிக்கு அருள் வருகிறது. செத்தவன் அந்த நேரத்தில் எழுந்து, ஆடி, ஊரோடு பேசுகிறான். அவன் சாகாமல் இருந்திருந்தால் ஊருக்கு வந்திருக்க மாட்டான். கொலை செய்யப்பட்டவனைத் தெய்வமாக்கி, அவன் கோபத்துக்குப் பயந்து வருடா வருடம் படையல் வைக்கும் நாட்டில், சாவை அழிப்பது கொன்றவனுக்குச் செய்யும் உதவி. டேட்டின் கார்டீலியா கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டவராயன் போகவில்லை.

சினிமா வந்தபிறகு இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. 1956இல் எம்ஜிஆர் நடித்த ‘மதுரை வீரன்’. அருந்ததியர் குலதெய்வமாகக் கும்பிடும் மதுரை வீரன். பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலித்துத் தூக்கிக்கொண்டு போனவன், திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் வெள்ளையம்மாளோடு பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இங்கேயும் பிறப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. அவன் ராஜாவின் மகன், பிறந்த நேரம் சரியில்லை என்று சோதிடர் சொன்னதால் காட்டில் விடப்பட்டவன், செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்த்தார்கள் என்று. படமும் அந்த ஒட்டுக் கதையையே எடுத்துக்கொண்டது. வளர்த்த தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்தார்கள். படம் பெரும் வெற்றி.

எம்ஜிஆர் சாவதை ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று சொல்வதுண்டு. 1962இல் வந்த ‘பாசம்’ படத்தில் அவர் கடைசியில் இறக்கிறார், அதனால்தான் படம் ஓடவில்லை என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் காரணம். ஆனால் மதுரை வீரனிலும் அவர் இறக்கத்தானே செய்கிறார், அதுவும் கையும் காலும் வெட்டுப்பட்டு? அந்தச் சாவை ஏற்றுக்கொண்ட மக்கள் இந்தச் சாவை ஏன் ஏற்கவில்லை? மதுரை வீரன் செத்தால் எங்கே போவான் என்று அவர்களுக்குத் தெரியும். ஊர் எல்லையில் குதிரைமேல் உட்காருவான், ஒரு பக்கம் பொம்மி, ஒரு பக்கம் வெள்ளையம்மாள். ‘பாசம்’ படத்து நாயகன் செத்தால் போவதற்கு இடம் இல்லை.

வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசும்போதெல்லாம் ஒரு சண்டை வரும். “எங்க தாத்தாவே வீரன் ராஜா மகன்னுதான் சொல்றாரு. அவரை என்ன செய்ய?” என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான். நாளெல்லாம் ‘நீ கீழ்ப்பிறப்பு’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, தன் சாமி ராஜா வீட்டுப் பிள்ளை என்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சுகத்தின் விலை என்ன என்று கேட்க வேண்டியது நம் வேலை. வீரம் இருந்தால் அது அரச ரத்தம், அழகு இருந்தால் அது பார்ப்பன ரத்தம், நம் ரத்தத்தில் வெறும் விசுவாசம் மட்டும் என்றல்லவா அந்தக் கதை சொல்லிக் கொடுக்கிறது!

ஆனால் தாத்தாமார்களை முழுசாகக் கேளுங்கள் என்றும் சொல்வோம். ராஜா மகன் என்று சொன்ன அதே வாய், அடுத்த மூச்சில் ‘நம்ம பய’ என்று சொல்லும். பெற்றவன் காட்டில் போட்டான், எடுத்து வளர்த்தது யார், பால் கொடுத்தது யார், தொழில் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்கும். பெற்ற ராஜாவுக்கு எந்த ஊரிலும் படையல் இல்லை. மேலிருந்து திணித்த பிறப்பை எதிர்த்துச் சண்டை போட முடியாத காலத்தில், அதை வாங்கி வைத்துக்கொண்டே செல்லாக்காசாக்கும் வழி இது. எங்கள் படிப்பில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. தாத்தாவுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது நினைத்தால், 2012க்கு வருவோம். அந்த நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. காரணம் ஒரு காதல் திருமணம். அதையொட்டிய நாட்களில் ‘நாடகக் காதல்’ என்ற சொல் மேடை மேடையாகப் பரப்பப்பட்டது. தலித் இளைஞன் காதலிப்பதில்லை, காதலிப்பதுபோல் நடிக்கிறான் என்பது அதன் பொருள். வாலப்பகடை மகள்களுக்குப் போட்ட அதே ஒட்டு இது. அன்றைக்குப் பிறப்பை மாற்றி ‘இது மீறல் இல்லை’ என்றார்கள். இன்றைக்கு நெஞ்சை மாற்றி ‘இது காதலே இல்லை’ என்கிறார்கள். இரண்டிலும் ஜோடி அழிகிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நம் மாவட்டத்து இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவர் ரத்தம் காயும் முன்பே அந்தக் காதலைப் பற்றி ஆளுக்கொரு கதை சமூக வலைத்தளங்களில் ஓடியதை எல்லோரும் பார்த்தோம். கொலைக்கு அடுத்த வேலை கதையைக் கொல்வது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கல்யாணமான அன்றைக்கே தீக்குப் போன பொம்மக்காவையும் திம்மக்காவையும் பற்றிப் பேசாமல் போனால் அந்தத் தீப்பெட்டி ஆலைத் தங்கச்சி எங்களை விடமாட்டாள். உடன்கட்டை யாருடைய வழக்கம்? ‘பத்தினி’ பட்டம் யார் கொடுப்பது? மலையில் பாடித் திரிந்த, மாடு மேய்த்த, கணவன் செத்தாலும் உழைத்து வாழ்ந்திருக்கக்கூடிய இரண்டு பெண்களுக்கு, தெய்வமாவதற்கு இருந்த ஒரே கதவு நெருப்பு. பட்டன் தெய்வமானது மாடு மீட்டதற்கு. இவர்கள் தெய்வமானது செத்ததற்கு. ஜோவுக்கு ஒன்றுமே தெரியாமல் படம் முடிகிறது. இவர்களுக்கு எல்லாம் தெரிந்தும் கதை நெருப்பில் முடிகிறது. சாவை மாற்ற வேண்டாம் என்று மேலே சொன்னோம். இந்தத் தீயை மட்டும் கும்பிட எங்களுக்குக் கை வரவில்லை. அவர்கள் இருவரும் தீக்குப் போகாமல் வாலப்பகடையோடு கிடைக்குத் திரும்புவதாக எங்கள் வட்டத்துப் பெண்கள் ஒரு முடிவு எழுதியிருக்கிறார்கள். அதில் திம்மக்கா செருப்புத் தைத்து அதைப் பட்டன் புதைத்த இடத்தில் வைத்துவிட்டு வருகிறாள். நடுகல்லுக்கு முன்னால் முதல் செருப்பை வைத்தது அவள்தான் என்று கதை போகிறது.

அந்த முடிவு சரியா தப்பா என்று ஆண்பிள்ளைகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும்.

ஒரு வேலை மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. முத்துப்பட்டன் கதையையும் மதுரை வீரன் கதையையும் பாடுகிற, சொல்லுகிற வயதானவர்கள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். வருகிற கொடைக்கு, ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் எந்த ஊர், பாடச் சொல்லிப் பணம் கொடுத்தது யார், பிறப்புக் கதையை எந்த இடத்தில் சேர்த்தார் அல்லது சேர்க்காமல் விட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடைப் பந்தலில் பாடியதோடு நிறுத்த வேண்டாம். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “தாத்தா, பொம்மக்கா யாரு வீட்டுப் பிள்ள?” என்று தனியாக ஒருமுறை கேளுங்கள். பந்தலில் சொன்ன பதிலும் திண்ணையில் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது.